பழைய பிக்கப் வண்டிகளின் எரிபொருள் தொட்டி: கார்புரேட்டரிலிருந்து உட்செலுத்தலுக்கு

பிக்கப் என்பது முன்னால் கேபினும் பின்னால் திறந்த சரக்குப் பெட்டியும் கொண்ட சிறு சுமை வண்டி. அமெரிக்காவில் உழவர்களும் தச்சர்களும் கட்டட வேலைக்காரர்களும் பயன்படுத்தும் வண்டியாகத் தோன்றி, பிறகு குடும்ப வண்டியாகவும் ஆனது. 1980களின் நடுப்பகுதி வரை அங்கே விற்பனையான பெரிய பெட்ரோல் பிக்கப்புகள் கார்புரேட்டரில்தான் ஓடின. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் பிடித்துக்கொண்டது. இன்று பழைய பிக்கப்பை வைத்திருப்பவர்களில் பலர் அதன் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு உட்செலுத்தல் முறையைப் பொருத்துகிறார்கள்.

இந்த மாற்றத்தின் வரலாறு வழக்கமாக எஞ்சினின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. கணினி, உணரிகள், இன்ஜெக்டர்கள் ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வண்டியின் மறுமுனையில் தொங்கும் தகரத் தொட்டிக்கு அந்த வரலாற்றில் இரண்டு வரிதான் கிடைக்கும். ஆனால் மாற்றம் செய்தவர்களை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் அந்தத் தொட்டிதான். கார்புரேட்டர் தொட்டியின் குறைகளைப் பொறுத்துக்கொண்டது. உட்செலுத்தல் பொறுத்துக்கொள்வதில்லை.

புவியீர்ப்பில் இறங்கிய பெட்ரோல்

ஃபோர்டு நிறுவனம் 1925 ஏப்ரலில் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்தே முழு வண்டியாக வந்த முதல் பிக்கப்பாக அதைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுவார்கள். மாடல் டி வண்டியில் எரிபொருள் பம்ப் கிடையாது. இருக்கைக்கு அடியில் 10 காலன், அதாவது ஏறத்தாழ 38 லிட்டர் கொள்ளும் தொட்டி இருந்தது. மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் இறங்குவது போலப் பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கியது.

சமதரையில் இதனால் தொல்லை இல்லை. செங்குத்தான மேட்டில் முன்பக்கம் தூக்கும்போது, தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், கார்புரேட்டர் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும். எஞ்சின் நின்றுவிடும். எனவே மாடல் டி ஓட்டியவர்கள் அத்தகைய மேடுகளில் வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே ஏற்றினார்கள். தொட்டி இருந்த இடமே வண்டியை எப்படி ஓட்டுவது என்பதைத் தீர்மானித்தது.

1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ வண்டியில் தொட்டி முன்கண்ணாடிக்குக் கீழே, கருவிப் பலகைக்கு முன்னால் உயரமாக வைக்கப்பட்டது. மேட்டுச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் பயணம் செய்பவரின் முழங்காலுக்கு நேர் மேலே பெட்ரோல் நின்றது. பிறகு எஞ்சினின் சுழற்சியால் இயங்கும் டயாஃப்ரம் பம்ப் பரவியது. அதன்பின் தொட்டியைக் கார்புரேட்டருக்கு மேலே வைக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது.

இருக்கைக்குப் பின்னால்

செவ்ரோலெட் பிக்கப்பில் 1949இல் தொட்டி கேபினுக்குள் வந்தது. இருக்கையின் முதுகுக்குப் பின்னால், நெட்டுக்குத்தாக, அகலக் குறைவான பெட்டி போல அது நின்றது. 1972 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. ஃபோர்டு பிக்கப்புகளும் 1960களில் இவ்வாறே தொட்டியைக் கேபினுக்குள் வைத்திருந்தன.

இதை வெறும் மடமை என்று ஒதுக்கிவிட முடியாது. சேறும் கல்லும் தெறிக்கும் பண்ணைச் சாலையில், வண்டிக்கு அடியில் தொங்கும் தொட்டியைவிடக் கேபினுக்குள் இருக்கும் தொட்டி பத்திரமானது. உயரமும் குறுகலும் கொண்டதால் பெட்ரோல் குறைந்தாலும் அடியில் ஆழமாகவே நிற்கும். தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் பம்புக்கும் வேலை எளிது. குறை என்னவென்றால், வெயிலில் நிற்கும் வண்டியின் கதவைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். விபத்து நேர்ந்தால், ஓட்டுநரின் முதுகுக்கும் எரிபொருளுக்கும் இடையில் இருக்கைப் பஞ்சும் மெல்லிய தகடும் மட்டுமே.

1973ஆம் மாதிரி ஆண்டில் இரண்டு நிறுவனங்களும் தொட்டியைக் கேபினை விட்டு வெளியே கொண்டுவந்தன. ஃபோர்டு அதைச் சரக்குப் பெட்டிக்கு அடியில் வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் சி, கே வரிசை வண்டிகளில் சேஸிஸ் சட்டத்துக்கு வெளிப்புறமாக, வண்டியின் பக்கவாட்டில் வைத்தது. குதிரைச் சேணத்தின் இருபுறமும் பை தொங்குவது போல வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டு தொட்டிகளையும் கேட்டு வாங்கலாம். ஒவ்வொன்றும் 20 காலன் என்ற அளவில், மொத்தம் 150 லிட்டர். அந்த ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்றபோது, இரட்டைத் தொட்டி வாங்கியவர்கள் தங்கள் முன்யோசனையை மெச்சிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கவாட்டு இடம் பின்னாளில் நீதிமன்றம் வரை போனது.

மிதவைக் கிண்ணத்தின் தயவு

கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் என்று ஒரு சிறு அறை உண்டு. ஒரு தேநீர்க் கோப்பையில் அடங்கும் அளவு பெட்ரோல்தான் அதில் நிற்கும். அளவு குறைந்தால் மிதவை இறங்கி ஊசி திறக்கும், பெட்ரோல் உள்ளே வரும். நிறைந்தால் மிதவை ஏறி வழியை அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள பந்து வால்வின் வேலைதான் இது.

இந்தக் கிண்ணம் எஞ்சினுக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு சேமிப்பாக நின்றது. வண்டி வளைவில் திரும்பும்போது தொட்டியில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சுகுழாயின் வாய் சில நொடிகள் வெளியே தெரிந்தால் பம்ப் காற்றை இழுக்கும். எஞ்சினுக்கு அது தெரியாது. கிண்ணத்தில் உள்ளதைக் குடித்துக்கொண்டிருக்கும். வளைவு முடிந்து பெட்ரோல் மறுபடி வரும்போது காற்று கிண்ணத்தின் மேல் துளை வழியாக வெளியேறிவிடும். ஆகவே பழைய பிக்கப்பின் தொட்டிக்குள் அலைவைத் தடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு குழாய், அதன் நுனியில் வலைச்சல்லடை, எரிபொருள் அளவைக் காட்டும் மிதவைக் கம்பி, அவ்வளவுதான் உள்ளே இருந்தவை. துருத் துணுக்குகள் சில வந்தாலும் கார்புரேட்டர் சமாளித்துக்கொள்ளும்.

கார்புரேட்டர் முறையின் பெரிய பலவீனம் வெப்பம். எஞ்சின்மேல் பொருத்திய பம்ப், வண்டியின் பின்பகுதியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் தண்ணீரை இழுப்பது போன்ற வேலை அது. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்குபவை. கோடை வெயிலில், சூடான எஞ்சின் அருகே, உறிஞ்சும் குழாயில் ஆவி நிறைந்துவிட்டால் பம்ப் ஆவியைத்தான் பிசைந்துகொண்டிருக்கும். இதற்கு ஆவியடைப்பு என்று பெயர். ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுக் காத்திருப்பதே அக்காலத்து வைத்தியம்.

உட்செலுத்தல் கேட்டது என்ன

அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு உட்செலுத்தல் முறையை 1950களில் உருவாக்கியது. கிரைஸ்லர் நிறுவனம் 1958ஆம் ஆண்டின் சில கார்களில் அதைப் பொருத்தியது. அக்காலத்து மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. விற்ற கார்கள் மிகச் சிலவே, அவற்றில் பெரும்பாலானவை மறுபடி கார்புரேட்டருக்கு மாற்றப்பட்டன. அதன் காப்புரிமைகள் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்துக்குப் போயின. போஷ் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் ஒரு முறையை ஃபோக்ஸ்வாகன் கார்களில் கொண்டுவந்தது. அதில் மின்சார பம்ப் ஒன்று பெட்ரோலை ஏறத்தாழ 2 பார் அழுத்தத்தில் ஒரு சுற்றுவழியில் ஓடவிட்டது. எஞ்சினுக்கு வேண்டியதை இன்ஜெக்டர்கள் எடுத்துக்கொள்ள, மிச்சம் தொட்டிக்கே திரும்பியது.

இங்கேதான் தொட்டியின் வேலை மாறியது. கார்புரேட்டருக்குத் தேவையான அழுத்தம் 4 முதல் 7 பிஎஸ்ஐ. பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் வந்த எளிய ஒற்றைவாய் உட்செலுத்தலுக்கு 9 முதல் 13 பிஎஸ்ஐ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் கொண்ட முறைகளுக்கு 40 பிஎஸ்ஐ, சிலவற்றுக்கு 60 பிஎஸ்ஐ வரை. வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றழுத்தத்தைவிட இது அதிகம். இவ்வளவு அழுத்தம் தரும் பம்ப், தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் சோம்பேறி. இந்த முறையில் மிதவைக் கிண்ணமும் கிடையாது. பம்ப் ஒரு நொடி காற்றைக் குடித்தால் குழாயின் அழுத்தம் அந்த நொடியே விழும். எஞ்சின் இருமும், அல்லது அணையும்.

தீர்வு, கிணற்று மேட்டு மோட்டாருக்குப் பதில் நீர்மூழ்கி மோட்டார் வந்த கதையேதான். பம்பைத் தொட்டிக்குள் பெட்ரோலிலேயே மூழ்கவைத்தார்கள். செவ்ரோலெட் 1971ஆம் மாதிரி ஆண்டுக்காகக் கொண்டுவந்த வேகா என்ற சிறு காரில், கார்புரேட்டர் இருந்தும், தொட்டிக்குள் மின்சார பம்ப் வைக்கப்பட்டது. 1970களின் நடுவில் உட்செலுத்தலுடன் வந்த காடிலாக் கார்களில் தொட்டிக்குள் ஒரு துணைப் பம்பும் வெளியே ஒரு முதன்மைப் பம்பும் இருந்தன. மூழ்கிய பம்ப் உறிஞ்சவேண்டியதில்லை, ஆவியடைப்பும் வராது. பெட்ரோலே அதைக் குளிரவைக்கும், சத்தத்தையும் விழுங்கும். இந்தியாவில் 2020இல் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் வாங்கிய மோட்டார் சைக்கிள்களில் சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி கேட்கும் மெல்லிய ரீங்காரம், தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் இத்தகைய பம்பின் ஓசைதான்.

பெட்ரோலுக்குள் மின்சார மோட்டாரா என்ற அச்சம் இயல்பானது. பெட்ரோல் ஆவி தீப்பற்றக் காற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு ஆவி இருந்தால் மட்டுமே அது எரியும். பெட்ரோல் உள்ள தொட்டியின் மேற்பகுதியில் ஆவி இதைவிட மிக அடர்த்தியாக இருக்கும், எரிவதற்குப் போதிய காற்று இராது. பம்பின் உள்ளேயோ முழுக்கத் திரவம். ஆகவே பெட்ரோல் உள்ள தொட்டியைவிடக் காலி செய்து சில மணி நேரம் திறந்துவைத்த தொட்டிதான் ஆபத்தானது. பழைய தொட்டியில் பற்றவைப்பு வேலை செய்யப் போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்

ஃபோர்டு 1985இல் எஃப்-150 பிக்கப்பின் 5 லிட்டர் வி-8 எஞ்சினுக்கு உட்செலுத்தலைத் தந்தது. 1988இல் அந்த வரிசையின் பெட்ரோல் எஞ்சின்கள் எதிலும் கார்புரேட்டர் இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று, சட்டத்தில் உயர் அழுத்தப் பம்ப் ஒன்று, நடுவே ஒரு சிறு உபதொட்டி என்ற அமைப்பைக் கையாண்டார்கள். 1990இல் அதை மாற்றி, உயர் அழுத்தப் பம்பையே ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து ஒவ்வொரு தொட்டியிலும் இறக்கினார்கள். அந்தக் கூடு பம்பைச் சுற்றி எப்போதும் பெட்ரோலைத் தேக்கிவைக்கும்.

பார்க்க அழகான ஏற்பாடு, ஆனால் இரட்டைத் தொட்டியில் ஒரு விபரீதம் நேர்ந்தது. ஓடும் தொட்டி எதுவோ அதற்குத்தான் மிச்சப் பெட்ரோல் திரும்பவேண்டும். கூட்டுக்குள் இருந்த ஒருவழி வால்வு பழுதானபோது, முன் தொட்டியிலிருந்து எடுத்த பெட்ரோலின் ஒரு பகுதி பின் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தால் மூடி வழியே வழிந்தது. 1993இல் ஃபோர்டு இவ்வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யவேண்டி வந்தது. திரும்பு குழாய் என்பது ஏதோ துணைக் குழாய் அன்று, முதன்மைக் குழாய்க்கு நிகரானது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் முழு அளவு பிக்கப்புகளுக்கு 1987ஆம் மாதிரி ஆண்டில் ஒற்றைவாய் உட்செலுத்தலைக் கொண்டுவந்தது. 1973இலிருந்து வந்த அதே சதுர முக வண்டிதான், அதே பக்கவாட்டுத் தொட்டிதான். ஆனால் தொட்டிக்குள் பம்ப் வந்தது, அதைச் சுற்றி அலைவைத் தடுக்கும் அமைப்பும் வந்தது. இந்த ஓராண்டு ஒட்டு, பழைய வண்டிக்காரர்களுக்குப் பின்னாளில் பெரிய வரமானது. 1987 வண்டியின் தொட்டி 1973 முதல் 1986 வரையான வண்டிகளின் அதே இடத்தில் உட்காரும். 1988இல் புதிய வடிவ பிக்கப் வந்தபோது நிறுவனம் தொட்டியைச் சட்டத்துக்கு உட்புறமாக நகர்த்தியது.

பக்கவாட்டுத் தொட்டி வழக்கு

அந்த நகர்த்தலுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. சட்டத்துக்கு வெளியே இருந்த பழைய தொட்டிகள், பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் நசுங்கி உடையக்கூடியவை. நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 1992இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிட்டன. அதே ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியின் டேட்லைன் நிகழ்ச்சி, மோதலில் தீப்பிடிக்கும் பிக்கப் ஒன்றைக் காட்டியது. தீ உறுதியாகப் பிடிக்கவேண்டும் என்று வண்டிக்கு அடியில் தீப்பொறிக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தது பிறகு அம்பலமானது. ஜெனரல் மோட்டார்ஸ் வழக்குத் தொடுத்தது. 1993 பிப்ரவரியில் தொலைக்காட்சி நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அந்த மோசடியால் நிறுவனத்துக்கு ஒரு வசதி கிடைத்தது. பலருக்கு நினைவில் நின்றது தொலைக்காட்சியின் பொய்தான். தொட்டியைப் பற்றிய கேள்வி மங்கியது. ஆனால் அதே பிப்ரவரியில் அட்லாண்டா நடுவர் குழு ஒன்று, இத்தகைய தீயில் இறந்த இளைஞர் ஒருவரின் பெற்றோருக்கு 10.5 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. 1994 அக்டோபரில் போக்குவரத்துத் துறைச் செயலர் ஃபெடரிகோ பெனா, பக்கவாட்டு மோதல் தீயால் ஏறத்தாழ 150 பேர் இறந்திருக்கிறார்கள் என்றும் இவ்வடிவமைப்பில் குறைபாடு இருப்பதாகவும் முதற்கட்ட முடிவை அறிவித்தார். வண்டிகள் தயாரிக்கப்பட்ட காலத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவையே என்பது நிறுவனத்தின் வாதம். அந்த ஆண்டு டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5.1 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டிகள் திரும்ப அழைக்கப்படவில்லை. இன்று உட்செலுத்தலுக்கு மாற்றப்படும் சதுர முக பிக்கப்புகளில் பலவற்றில் தொட்டி அதே பக்கவாட்டு இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே உள்ள குழாய்களில் மட்டும் அழுத்தம் பல மடங்கு.

பழைய வண்டியை மாற்றும்போது

தன்னைத் தானே சீர்படுத்திக்கொள்ளும் கணினியோடு, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் உட்செலுத்தல் பெட்டிகள் 2010களில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. முன்பு மின்னணு அறிவு தேவைப்பட்ட வேலை, ஒரு வார இறுதியில் முடிகிற வேலை என்று விளம்பரமானது. எஞ்சின் பக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. வார இறுதி மாதக் கணக்காக நீண்டது தொட்டிப் பக்கத்தில்.

எளிய வழி என்று பலர் முதலில் முயல்வது, பழைய தொட்டியைத் தொடாமல் சட்டத்தில் ஒரு மின்சார பம்பைப் பொருத்துவது. அந்தப் பம்ப் உறிஞ்சவேண்டியிருக்கிறது. தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே, தொட்டிக்கு அருகில் வைத்தால் ஓரளவு ஓடும். உயரத்திலோ எஞ்சினுக்கு அருகிலோ வைத்தால் சூடேறி, கத்தி, ஒரு கோடையிலேயே தேய்ந்துபோகும். கால் தொட்டிக்குக் கீழே பெட்ரோல் இறங்கினால் வளைவில் எஞ்சின் இருமும். வேறு சிலர் எஞ்சின் அறையிலேயே ஒரு சிறு உபதொட்டியை வைத்து, பழைய எஞ்சின் பம்பால் அதை நிரப்பி, அதற்குள் உயர் அழுத்தப் பம்பை வைக்கிறார்கள். கருத்தளவில் இது மிதவைக் கிண்ணத்தைப் பெரிதாக்கித் திரும்பக் கொண்டுவருவதுதான். ஆனால் அந்தப் பெட்ரோல் எஞ்சின் சூட்டில் சுற்றிச் சுற்றி வருகிறது, கொதித்தால் ஆவிக்குப் போக்கிடம் வேண்டும்.

ஏன் இவ்வளவு சூடு என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். இத்தகைய மாற்றங்களில் பரவலாகப் பயன்படும் பம்ப் மணிக்கு 255 லிட்டர் தள்ளக்கூடியது. நின்ற நிலையில் ஓடும் எஞ்சின் குடிப்பது மணிக்குச் சில லிட்டர் மட்டுமே. மற்றதெல்லாம் எஞ்சினைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. 75 லிட்டர்த் தொட்டி முழுவதும் மணிக்கு மூன்று முறைக்கு மேல் எஞ்சின் அறைக்குப் போய்வருகிறது என்று பொருள். போக்குவரத்து நெரிசலில் கால் தொட்டியோடு நிற்கும் வண்டியில் பெட்ரோல் எவ்வளவு சூடாகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். இதனால்தான் அழுத்தச் சீராக்கியைத் தொட்டிக்கு அருகிலேயே வைத்து, மிச்சத்தை அங்கிருந்தே திருப்பும் முறை விரும்பப்படுகிறது. கார்வெட் காரில் வந்த, சல்லடையும் சீராக்கியும் ஒன்றாக அமைந்த ஓர் உறுப்பு இந்த வேலைக்காகவே பழைய பிக்கப்புகளில் புகழ்பெற்றது. அது 58 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தரும்.

திரும்பும் பெட்ரோல் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். மேலிருந்து அருவியாகக் கொட்டினால் நுரைக்கும், நுரையைப் பம்ப் குடிக்கும். திரும்பு குழாய் பம்பைச் சுற்றியுள்ள கூட்டுக்குள்ளேயே இறங்கினால், வண்டி எப்படிச் சாய்ந்தாலும் கூடு நிறைந்திருக்கும். தொழிற்சாலைத் தொட்டியும் நல்ல மாற்றுத் தொட்டியும் இதைத்தான் செய்கின்றன. பழைய தொட்டியின் மேல்தகட்டை வட்டமாக வெட்டிப் பம்பை இறக்கும் கருவித் தொகுப்புகளும் கிடைக்கின்றன. பம்புக்குக் கீழே பஞ்சு போன்ற ஒரு மெத்தை, பெட்ரோலைப் பிடித்துவைத்துக் காற்றைத் தவிர்க்க முயலும். பண்ணைக்கும் கடைக்கும் போய்வரும் வண்டிக்கு இது போதும்.

மலிவான வேலையில் முதலில் கெடுவது ஹோஸ். தொட்டிக்குள் மூழ்கும் ஹோஸ் உள்ளும் புறமும் பெட்ரோலைத் தாங்கவேண்டும். சாதாரண உட்செலுத்தல் ஹோஸ் உட்புறத்தை மட்டுமே கருதிச் செய்யப்பட்டது. தொட்டிக்குள் போட்டால் வெளிரப்பர் ஊறி, உப்பி, பிய்ந்துபோகும். அமெரிக்கத் தரக் குறியீட்டில் 30ஆர்10 எனப்படும் ஹோஸ் மட்டுமே மூழ்கவைக்க உகந்தது. கார்புரேட்டர்க் காலத்து 30ஆர்7 ஹோஸையும் திருகுப் பட்டைகளையும் அப்படியே விட்டுவிட்டு 58 பிஎஸ்ஐ அழுத்தத்தை ஏற்றுபவர்களும் உண்டு. 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கசிவு என்பது சொட்டு. 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது பனித்தூறல் போலச் சூடான எஞ்சின்மேல் பீய்ச்சும். விபத்திலும் இதே நிலைதான். எஞ்சின் நின்றால் பழைய டயாஃப்ரம் பம்பும் நின்றுவிடும். மின்சார பம்பை நேரடியாகச் சாவியோடு இணைத்தால், வண்டி கவிழ்ந்து கிடக்கும்போதும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஃபோர்டு தன் உட்செலுத்தல் வண்டிகளில் மோதல் அதிர்ச்சியில் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்சை வைத்தது இதனால்தான். பழைய வண்டியில் பம்பைக் கணினி வழியாக மட்டுமே இயக்கவேண்டும். எஞ்சின் சுழலவில்லை என்றால் கணினி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

துரு இன்னொரு எதிரி. பழைய தொட்டிகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு பூசிய எஃகுத் தகட்டால் ஆனவை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்துவைத்து அந்தப் பூச்சை அரிக்கும். கார்புரேட்டர் விழுங்கிய துணுக்குகளை இன்ஜெக்டர் விழுங்காது. பம்புக்கு முன் 100 மைக்ரான், பம்புக்குப் பின் 10 மைக்ரான் என இரண்டு சல்லடைகள் வைப்பது வழக்கம். உள்ளே துருப்பிடித்த தொட்டியானால், சல்லடையை அடிக்கடி மாற்றுவதைவிடத் தொட்டியை மாற்றுவதே மலிவு.

அளவு காட்டும் முள்ளும் ஏமாற்றக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1960களின் நடுவிலிருந்து காலித் தொட்டிக்குச் சுழி ஓம், நிறைந்ததற்கு 90 ஓம். ஃபோர்டு 1986 வரை காலிக்கு 73, நிறைவுக்கு 10 என்று தலைகீழாக வைத்திருந்தது. 1987இல் காலிக்கு 16, நிறைவுக்கு 158 என்று மாற்றியது. ஆகவே 1980 ஃபோர்டு பிக்கப்பில் 1990 தொட்டியைப் பொருத்தி, அளவிக் கம்பியை மாற்றாமல் விட்டால், பெட்ரோல் தீரத் தீர முள் நிறைவை நோக்கி ஏறும்.

கேபினுக்குள் தொட்டி உள்ள 1972க்கு முந்தைய வண்டிகளில் முடிவு கடினமாகிறது. உயர் அழுத்தப் பம்பையும் குழாய்களையும் முதுகுக்குப் பின்னால் வைக்க மனம் ஒப்பாதவர்கள், அந்தத் தொட்டியை எடுத்துவிட்டு, பின் அச்சுக்குப் பின்னால் சட்டத்தின் இரு விட்டங்களுக்கு இடையே புதிய தொட்டியைத் தொங்கவிடுகிறார்கள். செவ்ரோலெட் பிளேசர் வண்டியின் தொட்டி இதற்குப் பேர்போனது. அது தொடக்கத்திலிருந்தே அந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது, கொள்ளளவும் பெரிது. சதுர முக பிக்கப்காரர்கள் சிலரும் பக்கவாட்டுத் தொட்டிகளைக் கழற்றிவிட்டு இதையே நாடுகிறார்கள். விலையாகக் கொடுக்கவேண்டியது, உபரிச் சக்கரம் தொங்கிய இடம். அதோடு பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் புதிய வழி தேடவேண்டும். பழைய வாய் கேபினின் பக்கவாட்டில் இருந்தது. புதியதைச் சரக்குப் பெட்டியின் பக்கச் சுவரில் வெட்டுவோரும் உண்டு, பெட்டியின் தரைப் பலகையில் சிறு மூடி வைப்போரும் உண்டு. தரையில் வைத்தவர்கள், வைக்கோலோ மரமோ ஏற்றிய நாளில் பெட்ரோல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பு சரக்கை இறக்கவேண்டியிருக்கும்.